அமெரிக்கக் கல்லூரிப் பந்தாட்டத்தில் தாக்குதற் கலையின் எழுச்சி

2011ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 5ஆந் திகதி, ஐக்கிய அமெரிக்காவின் தென்பாகத்திலுள்ள டஸ்கலூசா நகரிலே, அலபாமாப் பல்கலைக்கழகமும் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகமும் பந்தாட்டத்திற் பொருதின. அந்நாட்டுக் கல்லூரி அணிகளுள் அவ்வேளை முதலாம் இரண்டாம் இடங்களைப் பெற்றிருந்தவை அவையே. குறித்த நேரத்துள் வெற்றி தோல்வி காணாது மேலதிக நேரமும் ஆடி, ஈற்றில் 9க்கு 6 என்னும் கணக்கில் லூசியானா வென்றது. இரு திறத்தாருள் எவரும் ஒருமுறையேனும் பந்தை எதிரியின் எல்லைக்கோட்டுக்கு அப்பாற் கொண்டுசென்றாரல்லர். பெற்ற புள்ளிகள் யாவும் கம்பங்களினூடே பந்தை உதைத்துப் பெற்றவையே. எட்டாண்டுகள் கழிந்தன. 2019ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 9ஆந் திகதி, அதே நகரில், அதே களத்தில், அவ்விரு பல்கலைக்கழகங்களும் மீண்டும் எதிர்நின்றன. அன்றும் வென்றது லூசியானாவே. கணக்கோ 46க்கு 41. முன்னைய ஆட்டத்தில் இரு அணிகளும் சேர்ந்து பெற்ற புள்ளிகள் 15. பின்னையதிற் பெற்றவை 87.

களத்தின் நீள அகலங்களோ ஆடுவோர் தொகையோ இவ்விடைக்காலத்தில் மாறவில்லை. மாறியது ஆடும் முறையே. அம்முறை இவ்விரு பெரும் பல்கலைக்கழகங்களிற் பிறந்ததன்று. பொருள்வளமும் ஆள்வளமும் குன்றிய சிறு கல்லூரிகளிலும் பாடசாலைகளிலும் அது பிறந்தது, நெடுங்காலம் எள்ளப்பட்டது, பின்னர் எள்ளியோராலேயே கைக்கொள்ளப்பட்டது. வலியார் தேவையின்மையாற் பயன்படுத்தாது விட்ட இரண்டு பொருள்களை, களத்தின் அகலத்தையும் ஆட்டத்தின் காலத்தையும், மெலியார் தம் தேவை கருதி எடுத்தாண்டமையே இவ்வெழுச்சியின் வரலாறாகும்.

அமெரிக்கர் 'புட்போல்' என வழங்கும் இவ்வாட்டம், உலகின் ஏனைய பாகங்களில் உதைபந்தாட்டம் எனப்படுவதினின்றும் வேறானது, றக்பியின் வழிவந்தது. களம் 100 யார் நீளமும், 53 யாரும் ஓரடியும் அகலமும் உடையது. இரு முனைகளிலும் பத்துப் பத்து யார் கொண்ட இறுதிப் பகுதிகள் உள. பந்தையுடைய அணி நான்கு முறை முயன்று 10 யார் முன்னேறல் வேண்டும். முன்னேறின் மீண்டும் நான்கு முறை கிடைக்கும். தவறின் பந்து எதிரிக்கு உரியதாகும். எதிரியின் இறுதிப் பகுதியுட் பந்தைச் சேர்த்தல் 'டச்டவுண்' எனப்படும். அதற்கு 6 புள்ளி. கம்பங்களினூடே உதைப்பதற்கு 3 புள்ளி. பந்தை உடையவிடத்து ஆடும் 11 பேரைத் தாக்கணி என்றும், எதிரியைத் தடுக்க ஆடும் 11 பேரைக் காப்பணி என்றும் கூறலாம். தாக்கணியின் முன்வரிசையில் நிற்கும் ஐவர் பேருடலினர். எதிரியைத் தடுத்து வழிசெய்தல் அவர் தொழில். அவர்க்குப் பின்னே நின்று பந்தைப் பெற்று, அதனைப் பிறர் கையிற் கொடுப்பதா, எறிவதா, தானே ஏந்தி ஓடுவதா எனத் துணிபவன் 'குவாட்டர்பாக்' எனப்படுவான்.

கல்லூரிகளுக்கிடையே நிகழ்ந்த முதல் ஆட்டம் 1869ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 6ஆந் திகதி றட்கேர்ஸ், பிரின்ஸ்டன் ஆகிய இரு கல்லூரிகளும் ஆடியதென்பர். அன்று ஒரு பக்கத்துக்கு 25 பேர் ஆடினர். றட்கேர்ஸ் 6க்கு 4 என வென்றது. யேல் கல்லூரியைச் சேர்ந்த வால்டர் காம்ப் என்பாரின் முயற்சியால் 1880இல் ஆடுவோர் தொகை 11 ஆயிற்று; இரு அணிகளும் ஒரு கோட்டின் இருமருங்கும் எதிரெதிர் நின்று தொடங்கும் வழக்கமும் அப்பொழுதே வந்தது. 1882இல், மூன்று முறைக்குள் 5 யார் முன்னேறல் வேண்டும் என விதிக்கப்பட்டது. ஐந்து யார் என்பது சிறு தூரமாகலின், பலர் ஒருங்கு திரண்டு ஒருவனைச் சூழ்ந்து தள்ளிச் செல்லுதலே சிறந்த உபாயமாயிற்று. ஆட்டம் களத்தின் நடுவிற் குவிந்தது. அதன் விளைவு கொடியது. 1905ஆம் ஆண்டில் ஏறத்தாழ 18 இளைஞர் இவ்வாட்டத்தில் உயிரிழந்தனர் எனச் செய்தித்தாள்கள் கணக்கிட்டன. சனாதிபதி தியடோர் றூஸ்வெல்ற், ஹாவார்ட், யேல், பிரின்ஸ்டன் ஆகியவற்றின் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்து, ஆட்டத்தைச் சீர்திருத்துமாறு வற்புறுத்தினார்.

அடுத்த ஆண்டிலே விதிகள் திருத்தப்பட்டன. முன்னேறவேண்டிய தூரம் 10 யார் ஆயிற்று. பந்தை முன்னோக்கி எறிதற்கும் அனுமதி கிடைத்தது. 1906ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் சென் லூயிஸ் பல்கலைக்கழகத்துப் பிராட்பரி றொபின்சன் விதிக்கு அமைந்த முதல் முன்னெறிதலைச் செய்தார். எனினும் அவ்வனுமதி பல தளைகளோடு வந்தது. எறிந்த பந்தை எவரும் பிடியாவிடின் எறிந்த அணி தண்டிக்கப்பட்டது. 1912இல் தளைகள் சில நீங்கின. முயலும் முறைகள் நான்காயின. 'டச்டவுண்' 6 புள்ளி பெற்றது. 1913இல் நோட்டர் டேம் என்னும் கல்லூரி, வலிமை மிக்க இராணுவக் கல்லூரியை எறிதலின் துணைகொண்டு 35க்கு 13 என வென்று நாட்டை வியப்பில் ஆழ்த்தியது. 1930களில் டெக்சாஸ் கிறித்தவப் பல்கலைக்கழகத்தின் சாமி போ என்பார் எறிதலை ஓர் அருங்கலையாக்கிக் காட்டினார்.

கதவு திறந்திருந்தும் பெருங் கழகங்கள் அதனுட் புகவில்லை. பந்தை எறிந்தால் மூன்று விளைவுகள் உள. அவற்றுள் இரண்டு தீயன என்பது பழைய பயிற்றுநர் வாயில் வழங்கிய ஒரு கூற்று. பந்து பிடிபடலாம், நிலத்தில் வீழலாம், எதிரி கைப்படலாம். பேருடலினரையும் விரைந்தோடுவோரையும் வேண்டியாங்குத் தெரிந்தெடுக்கும் வசதியுடையோர்க்கு அவ்வாறான அபாயத்தை மேற்கொள்ள ஏது இருக்கவில்லை. ஓட்டத்தினாலேயே அவர்கள் பெரும்புள்ளி ஈட்டினர். 1968இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் எமரி பெலார்ட் வகுத்த 'விஷ்போன்' என்னும் அமைப்பைக் கைக்கொண்டு, 1971இல் ஒக்லகோமாப் பல்கலைக்கழகம் ஆட்டமொன்றுக்குச் சராசரி 472 யார் ஓடியே கடந்தது. 1983இல் நெப்ராஸ்காப் பல்கலைக்கழகம் பன்னிரண்டு ஆட்டங்களில் 624 புள்ளிகள் குவித்தது. ஆகவே, பெரும்புள்ளி என்பது அக்காலத்திலும் புதிதன்று. ஆனால் அது வலியார் மெலியார்மீது பெற்ற புள்ளி. மெலியார் வலியாரை எதிர்த்துப் பெறும் புள்ளிக்கு வேறு வழி வேண்டியிருந்தது.

அவ்வழியின் தொடக்கங்களுள் ஒன்று ஒரு பாடசாலையிலே காணப்படுகிறது. ஒஹாயோ மாநிலத்து மிடில்டவுண் உயர்தரப் பாடசாலையின் பயிற்றுநர் கிளென் எலிசன் என்பார், 1958ஆம் ஆண்டில் தம் அணி வெற்றியின்றி வாடக் கண்டு, வழக்கமான அமைப்பைக் கைவிட்டு ஆட்டக்காரரைக் களமெங்கும் பரப்பி நிறுத்தினார். பின்னர் தம் முறையை விரித்து 1965இல் ஒரு நூலாக வெளியிட்டார். அம்முறையை வளர்த்தவர் 'மௌஸ்' டேவிஸ் எனப்படும் பயிற்றுநர். போட்லண்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1975 முதல் 1980 வரை அவர் பயிற்றிய அணி, 1980இல் ஓர் ஆட்டத்தில் 105 புள்ளிகள் பெற்றது. எதிரணி ஒரு புள்ளியும் பெறவில்லை.

அம்முறையின் உட்பொருள் இது. பழைய முறையிற் பந்தைப் பிடிக்க ஓடுபவன் எவ்விடத்தில் திரும்பவேண்டும் என்பது முன்னரே வரையறுக்கப்பட்டிருக்கும். புதிய முறையில் அவன் ஓடும்பொழுதே தன்னைக் காப்பவன் நிற்கும் நிலையை நோக்குவான்; காவலன் உள்ளே நின்றால் வெளியேயும், பின்வாங்கினால் முன்னேயும் திரும்புவான். எறிபவனும் அதே குறிப்பை அதே கணத்தில் உணர்ந்து எறிவான். இருவரும் ஒரே நூலை ஒருங்கு வாசிப்பார் போல்வர். காவலன் எதைச் செய்யினும் அது தவறாய் முடியும். இங்கே வேண்டப்படுவது உடற்பருமன் அன்று. கண்ணும் கருத்தும் ஒன்றுபடுதலே.

யூட்டா மாநிலத்தின் பிறிகாம் யங் பல்கலைக்கழகமும் இவ்வகையிற் குறிப்பிடத்தக்கது. 1972இல் அதன் தலைமைப் பயிற்றுநராகிய லவெல் எட்வர்ட்ஸ் அதற்கு முன்னர் காப்பணியைப் பயிற்றியவர். காப்பணிக்கு எது துன்பந் தரும் என்பதை அவர் அறிந்திருந்தார். பெருங் கழகங்களோடு ஓட்டத்தில் இணையாக முடியாதெனக் கண்டு, குறுந்தூர எறிதலையே தம் அணியின் அடிப்படையாக்கினார். 1980ஆம் ஆண்டு இறுதிப் போட்டியொன்றில் அவ்வணி, ஆட்ட முடிவுக்குச் சில நிமிடங்களே இருக்க 20 புள்ளி பின்தங்கியிருந்தும், 46க்கு 45 என வென்றது. 1984இல் 13 ஆட்டங்களிலும் வென்று நாட்டின் முதன்மை நிலையையும் எய்தியது.

விதிகளிலும் ஒரு மாற்றம் மெலியார்க்குத் துணைவந்தது. முற்காலத்திற் பெருங் கழகங்கள் புலமைப் பரிசில் வழங்கித் தாம் விரும்பிய அளவு ஆட்டக்காரரைச் சேர்த்துக்கொண்டன. தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் 1973இல் அத்தொகையை 105 என வரையறுத்தது. 1990களில் அது 85 ஆகக் குறைந்து, 2025 வரை நிலவியது. பெருங் கழகங்களின் வாயிலில் இடங்கிடையாத திறமைசாலிகள் ஏனைய கல்லூரிகளுக்குச் சென்றனர். விதை இருந்தது, நிலமும் பண்பட்டது.

எனினும் புதிய முறை ஒருகாலத்தில் தன் பெயரைத் தானே கெடுத்துக்கொண்டது. ஹூஸ்டன் பல்கலைக்கழகம் 1989இல் தென் மெதடிஸ்தப் பல்கலைக்கழகத்தை 95க்கு 21 என வென்றது. தோற்ற கழகம் விதிமீறலுக்காக இரண்டாண்டு ஆட்டமின்றித் தண்டிக்கப்பட்டு, அவ்வாண்டிலேதான் இளம் மாணவரைக் கொண்டு மீண்டும் ஆடத் தொடங்கியிருந்தது. அத்தகையோர்மீது 1,021 யார் கடந்து புள்ளி குவித்தமை வீரமாகாது எனப் பலர் கண்டித்தனர். அடுத்த ஆண்டில் தோக்கியோ நகரில் நடந்த ஓர் ஆட்டத்தில் ஹூஸ்டனின் டேவிட் கிளிங்லர் 716 யார் எறிந்தபொழுதும், அதனை ஒரு வேடிக்கையாகவே கண்டோர் பலர். மெலியாரின் கருவி மெலியார்மீதே பயன்படுமிடத்து அதற்கு மதிப்புக் குன்றும் என்பது இதனால் விளங்கும்.

அதே 1989ஆம் ஆண்டில், அயோவா மாநிலத்து மவுண்ட் பிளெசன்ட் என்னும் சிற்றூரில், அயோவா வெஸ்லியன் என்னும் சிறு கல்லூரிக்கு ஹால் மம்மி என்பார் பயிற்றுநராக வந்தார். அதற்கு முந்திய ஆண்டில் அக்கல்லூரி ஆடிய பத்து ஆட்டங்களிலும் தோற்றிருந்தது. அவருக்குத் துணையாக வந்தவர் மைக் லீச். சட்டம் பயின்று பட்டம் பெற்றவர். கல்லூரி அணி எதிலும் இவ்வாட்டத்தை ஆடாதவர். இருவரும் பிறிகாம் யங் பல்கலைக்கழகத்தின் முறையை நுணுகிக் கற்றனர். அதன் பயிற்றுநரிடம் நேரிற் சென்று வினாவினர். கற்றதைச் சுருக்கியும் விரித்தும் அவர்கள் அமைத்த முறையே பின்னர் 'எயர் றெயிட்', அதாவது வான்தாக்குதல், எனப் பெயர் பெற்றது.

அவர்கள் சுருக்கியது ஆட்டத் திட்டங்களின் தொகையை. ஏனைய கழகங்களில் மாணவர் மனனஞ் செய்யவேண்டிய திட்ட ஏடு தடித்த நூலாய் இருந்தது. இவர்களோ மிகச் சில திட்டங்களையே வைத்துக்கொண்டு, அவற்றை நாள்தோறும் பன்முறை பயிற்றினர். அவற்றுள் ஒன்றிலே, இருபுறத்தினின்றும் இருவர் நடுவை நோக்கி ஓடி, கைதொடும் அளவு நெருங்கி ஒருவரையொருவர் கடப்பர். அவரைத் தொடரும் காவலர் ஒருவரோடொருவர் மோதித் தடுமாறுவர். காப்பணி இதனை முன்னரே அறிந்திருந்தும் தடுத்தல் அரிதாயிற்று. பலவற்றை அரைகுறையாய் அறிதலினும் சிலவற்றை ஐயமறக் கற்றல் நன்று என்னும் கல்விக் கொள்கையே இதன் அடிப்படை எனலாம்.

அவர்கள் விரித்தது களத்தின் அகலத்தை. பந்து பிடிப்போர் நால்வர் இரு ஓரங்கள் வரை பரந்து நின்றனர். முன்வரிசையின் ஐவரும் நெருங்கி நில்லாது இடைவெளி விட்டு நின்றனர். அதனாற் காப்பணியினரும் பரந்து நிற்கவேண்டியதாயிற்று. குவாட்டர்பாக்கை அடைய அவர் ஓடவேண்டிய தூரமும் நீண்டது. பெருங் கூட்டத்தின் நடுவே சிறியோன் ஒருவன் நசுக்கப்படுவான். பரந்த வெளியிலோ அவனைப் பிடிக்கப் பெரியோனால் இயலாது. 53 யார் அகலம் முன்னரும் இருந்தது. அதனை முழுதும் வேண்டியவர் இவர்களே.

மம்மி 1992இல் வல்டோஸ்டா மாநிலக் கல்லூரிக்கும், 1997இல் கென்டக்கிப் பல்கலைக்கழகத்துக்கும் சென்றார். அவ்வாண்டு ஒக்டோபர் மாதம் கென்டக்கி, அலபாமாவை 40க்கு 34 என வென்றது. 1922க்குப் பின் அலபாமாவுக்கு எதிராக அது கண்ட முதல் வெற்றி அதுவே. லீச் 2000 முதல் 2009 வரை டெக்சாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்றுநராயிருந்து 84 ஆட்டங்களில் வெற்றிகண்டார். 2003இல் அவருடைய குவாட்டர்பாக் சைமன்ஸ் என்பார் ஒரு பருவத்தில் 5,833 யார் எறிந்து நிலைநாட்டிய சாதனை 2021 வரை முறியடிக்கப்படவில்லை. அவர் முதல்வராய் ஆடியது அவ்வொரு பருவமே. அடுத்தடுத்த ஆண்டுகளில் வேறு வேறு மாணவர் அவ்விடத்தில் நின்றும் எறிதல் குன்றவில்லை. ஆகவே சிறப்பு ஆளைச் சார்ந்ததன்று, முறையைச் சார்ந்தது என்பது தெளிவாயிற்று.

எறிதலில் நிகழ்ந்த இம்மாற்றத்தை ஒத்த மாற்றமொன்று ஓட்டத்திலும் நிகழ்ந்தது. அதன் பிறப்பிடமும் ஒரு சிறு கல்லூரியே. மேற்கு வேர்ஜினியாவின் கிளென்வில் மாநிலக் கல்லூரியில் 1990களின் தொடக்கத்தில் றிச் றொட்றிகஸ் பயிற்றுநராயிருந்தார். ஒருநாட் பயிற்சியிலே பந்தைக் கைமாற்றத் தவறிய குவாட்டர்பாக், தன்னை நோக்காது உள்ளே விரைந்த காவலன் விட்டுச்சென்ற வெற்றிடத்தைக் கண்டு அவ்வழியே தானே ஓடினான் என்றும், ஏன் அவ்வாறு செய்தாய் என வினவிய பயிற்றுநர் அவன் விடையிலிருந்து ஒரு முறையை உருவாக்கினார் என்றும் கூறுவர்.

இது ஓர் எளிய கணக்கு. காப்பணியில் 11 பேர் உளர். தாக்கணியிற் பந்தை ஏந்தி ஓடுபவன் எவரையும் தடுப்பதில்லை. பந்தைக் கொடுத்துவிட்டு நிற்கும் குவாட்டர்பாக்கும் தடுப்பதில்லை. எனவே 9 பேர் 11 பேரைத் தடுக்கவேண்டிய நிலை. புதிய முறையில், ஓரத்தில் நிற்கும் காவலன் ஒருவனை வேண்டுமென்றே தடுக்காது விடுவர். குவாட்டர்பாக் அவனையே நோக்குவான். அவன் ஓடுபவனைத் தொடர்ந்து உள்ளே சென்றால், பந்தைக் கொடாது தானே வெளியே ஓடுவான். அவன் நின்ற இடத்திலேயே நின்றால், பந்தைக் கொடுத்துவிடுவான். எவரும் தொடாமலே ஒரு காவலன் பயனற்றவனாவான்; கணக்கிலிருந்த குறையின் ஒரு பகுதியும் நீங்கும்.

இம்மாற்றங்கள் பரவிய விதமும் சிந்திக்கத்தக்கது. இவற்றைக் கண்டோர் மறைத்து வைக்கவில்லை, நாடிவந்தோர்க்குக் கற்பித்தனர். றொட்றிகஸ் கிளெம்சன் பல்கலைக்கழகத்திற் பணியாற்றியபொழுது, நோத்வெஸ்டேண் பல்கலைக்கழகத்தின் பயிற்றுநர்கள் அவரிடம் சென்று இம்முறையைக் கற்றனர். கல்வித்தரத்துக்குப் பெயர்பெற்று, பந்தாட்டத்தில் நெடுங்காலம் பின்தங்கியிருந்த அப்பல்கலைக்கழகம், 2000ஆம் ஆண்டு நவம்பர் மாதம் மிச்சிகன் பல்கலைக்கழகத்தை 54க்கு 51 என வென்றது. ஏர்பன் மேயர் என்பார் இதே வழியில் யூட்டாப் பல்கலைக்கழகத்தை 2004இல் தோல்வியறியா நிலைக்கு உயர்த்தி, பின்னர் புளோரிடாப் பல்கலைக்கழகத்துக்கு 2006, 2008 ஆகிய இரு பருவங்களிலும் தேசிய முதன்மையைத் தேடித்தந்தார்.

அகலத்தின் பயன் இங்ஙனம் அறியப்பட்டது. இனிக் காலத்தைக் கருதுவோம். ஒவ்வொரு முயற்சிக்கும் பின் ஆட்டக்காரர் வட்டமாகக் கூடி அடுத்த திட்டத்தைக் கேட்டறிதல் பழைய வழக்கம். அக்கூட்டத்தை நீக்கி, பயிற்றுநர் ஓரத்தினின்று காட்டும் சைகைகளாலும் படப்பலகைகளாலும் திட்டத்தை அறிவித்து, உடனுக்குடன் ஆட்டத்தைத் தொடங்கும் வழக்கம் 2000களில் வலுப்பெற்றது. 2008ஆம் ஆண்டு விதித்திருத்தம், ஒரு முயற்சி முடிந்தவுடனே 40 விநாடிக் கணக்குத் தொடங்கும் என வகுத்தமை இதற்கு வாய்ப்பாயிற்று. காப்பணி ஆட்களை மாற்றவோ மூச்சுவிடவோ நேரமின்றித் தடுமாறிற்று. நியூ ஹாம்ஷயர் என்னும் சிறிய பல்கலைக்கழகத்திற் பலகாலம் பணியாற்றிய சிப் கெலி, ஒரிகன் பல்கலைக்கழகத்தில் இம்முறையை உச்சநிலைக்குக் கொண்டுசென்றார். 2010இல் அவ்வணி ஆட்டமொன்றுக்குச் சராசரி 47 புள்ளி அளவிற் பெற்று, தேசிய இறுதிப் போட்டிவரை சென்றது.

மாணாக்கர் ஆசிரியராயினர். 2016ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 22ஆந் திகதி ஒக்லகோமா, டெக்சாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தை 66க்கு 59 என வென்றது. இரு அணிகளும் சேர்ந்து கடந்த தூரம் 1,708 யார். தோற்ற அணியின் பற்றிக் மகோம்ஸ் மட்டும் 734 யார் எறிந்தார். அவ்வணியின் தலைமைப் பயிற்றுநர் கிலிவ் கிங்ஸ்பரியும், எதிரணியின் தாக்கணியை வகுத்த லிங்கன் றைலியும் லீச்சினிடம் பயின்றவர்களே. மகோம்ஸ் பின்னர் தொழில்முறை ஆட்டத்திற் கன்சாஸ் நகர அணியின் தலைவனாக மூன்று முறை தேசிய வெற்றிக்கிண்ணம் பெற்றார். கல்லூரியிற் செல்லும் முறை தொழில்முறைக்குச் செல்லாது என்ற பழைய முடிவு அதனாற் பொய்த்தது.

எதிர்ப்பும் இல்லாமலில்லை. அலபாமாவின் பயிற்றுநர் நிக் சேபன், இவ்விரைவு ஆட்டத்தின் இயல்பையே மாற்றுகின்றது. ஓய்வின்றி ஆடுவோர்க்குக் காயம் மிகும் என்று கூறினார். 2014ஆம் ஆண்டில், முதல் 10 விநாடிக்குள் ஆட்டத்தைத் தொடங்குதலைத் தடைசெய்யும் ஒரு பிரேரணை விதிக்குழுவின் முன் வந்தது. விரைவினாற் காயம் மிகுகின்றது என்பதற்குச் சான்று எங்கே என மறுதரப்பார் வினவினர், பிரேரணை கைவிடப்பட்டது. மாணவர் உடல்நலம் பற்றிய கவலை எள்ளத்தக்கதன்று. இவ்வாட்டத்தின் தொடக்க வரலாறே அதற்குச் சான்று. எனினும், அக்கவலையை எழுப்பியோர் புதிய முறையாற் புள்ளி இழந்தோராயிருந்தமையும் மறத்தற்குரியதன்று. 2012இல் நாட்டின் முதலணியாயிருந்த அலபாமாவை, அதன் சொந்தக் களத்திலேயே டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் 29க்கு 24 என வென்றது. அவ்வெற்றிக்குரிய தாக்கணியை வகுத்தவர் கிங்ஸ்பரியே.

சேபன் குறைகூறியதோடு நிற்கவில்லை; கற்றார். 2014இல் தம் தாக்கணிக்கு லேன் கிவின் என்பாரை அமர்த்திப் புதிய முறைகளைப் புகுத்தினார். லூசியானாவும் 2019இல் அவ்வழியே சென்றது. அவ்வாண்டு அதன் குவாட்டர்பாக் ஜோ பறோ 60 'டச்டவுண்' எறிந்தார்; 15 ஆட்டங்களிலும் வென்ற அணி 726 புள்ளிகள் பெற்றது. 2020இல் அலபாமா ஆட்டமொன்றுக்குச் சராசரி 48 புள்ளிக்கு மேற் பெற்று, 13 ஆட்டங்களிலும் வென்று முதன்மை எய்தியது. ஆகவே, 9க்கு 6 என்னும் கணக்கு 46க்கு 41 ஆக மாறியமைக்குக் காரணம் இதுவே: மெலியார் கண்ட வழியில் வலியாரும் வந்துவிட்டனர்.

அங்ஙனமாயின், மெலியார் பெற்ற பயன் யாது? தம் படைக்கலத்தையும் பறிகொடுத்தாரல்லரோ என ஒருவர் வினவலாம். அவ்வினாவில் உண்மையுண்டு. முறை ஒத்தவிடத்து ஆள்வளமுடையோரே வெல்வர். ஆயினும் இரண்டு பயன்கள் நிலைத்தன. ஒன்று, சிந்தனை ஓயாமை. காப்பணிகளும் புதுவழி கண்டன. அயோவா மாநிலப் பல்கலைக்கழகம் 2017இல், பின்களத்தில் மூவரை நிறுத்திப் பரந்த தாக்குதலை அடக்கும் ஓர் அமைப்பைக் கண்டது; பலர் அதனைப் பின்பற்றினர். 2021ஆம் ஆண்டுப் பருவத்தில் ஜோர்ஜியாப் பல்கலைக்கழகமும், 2023இல் மிச்சிகன் பல்கலைக்கழகமும் காப்பணியின் வன்மையாற் பெரிதும் முதன்மை எய்தின. 2023இல், ஆட்டக் கடிகாரம் அடிக்கடி நிற்பதைக் குறைக்கும் விதியும் வந்தது. இக்கலையில் எவரும் இறுதிச் சொல்லைச் சொல்லிவிடவில்லை.

மற்றொன்று, ஆடத்தக்கோர் வட்டம் விரிந்தமை. வெஸ் வெல்கர் என்னும் இளைஞனைச் சிற்றுருவினன் எனப் பெருங் கழகங்கள் ஏற்கவில்லை. டெக்சாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஏற்றது. அவன் பின்னாளில் தொழில்முறை ஆட்டத்திற் பந்து பிடிப்போருள் முன்னணியில் நின்றான். பேக்கர் மேபீல்ட் என்பான் புலமைப் பரிசில் எதுவுமின்றி 2013இல் அதே பல்கலைக்கழகத்தில் ஆடத் தொடங்கி, பின்னர் ஒக்லகோமாவிற்குச் சென்று, 2017இல் நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரனுக்குரிய ஹைஸ்மன் பரிசைப் பெற்றான். நடுவிற் குவிந்த பழைய ஆட்டத்தில் இத்தகையோர்க்கு இடங்கிடைத்திருத்தல் அரிது. களம் விரிந்தபொழுது அதிற் புகத்தக்கோர் தொகையும் விரிந்தது.

மைக் லீச் 2022ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் காலமானார். அயோவா வெஸ்லியன் 2023ஆம் ஆண்டு மே மாதம் பொருள் முட்டுப்பாட்டால் மூடப்பட்டது. ஆயின் அச்சிறு கல்லூரியின் புற்றரையில், முந்திய ஆண்டில் ஒரு வெற்றியும் காணாத மாணவரைக் கொண்டு பயிற்றப்பட்ட சில திட்டங்கள், நாட்டின் பெரும் அரங்குகளிற் பல்லாயிரவர் முன்னிலையில் இன்றும் ஆடப்படுகின்றன. இல்லாமை தானாக அறிவைத் தருவதன்று. தோற்ற கல்லூரிகள் பல தோற்றவாறே இருந்தன. தம்மிடம் இல்லாததை எண்ணி நோவாது, யாவர்க்கும் பொதுவாய்க் கிடந்தும் எவரும் எடுத்தாளாததை நோக்கியோரே வழிகண்டனர். அந்நோக்கையே இவ்வரலாறு கற்பிக்கின்றது.